அறுபதுக்கும் நூற்றிருபத்தைந்துக்கும் நடுவே

எட்டடிக்குப் பதினொன்று.
பதினோரடிக்கு எட்டு.
தொண்ணூறை அடியால் வகுத்து
வருகிற எண்ணில் லென்ஸைத் திருப்பு.
பிளாஷின் முதுகில் ஒட்டிய அட்டவணை அழிந்துவிட்டது,
வாய்ப்பாடு அழியவில்லை.

சோழவந்தான். வைகாசி. விடியுமுன் முகூர்த்தம்.
மண்டபத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை,
அதற்கு யாரோ பச்சை வேறு அடித்திருந்தார்கள்.
வெளிச்சத்தை மேலே எறிந்து
மெத்தென்று இறக்கலாமென்றால்
பெண் வெற்றிலைக்கொடி நிறத்தில் வருவாள்.
நேரே முகத்தில் அடிப்பதுதான் வழி.
கைக்குட்டையை பிளாஷுக்கு முக்காடாகப் போட்டு
அதற்காக ஒரு படி கூடத் திறந்தேன்.

நான் பயந்ததெல்லாம் மல்லிகைக்கு.
கண்ணுக்கு இதழ் இதழாக இருப்பது
கிட்டே அடித்தால்
சுண்ணாம்பை அள்ளி அப்பியது மாதிரி விழும்.
ஏழு முழச் சுண்ணாம்பு,
அதன் கீழே பஞ்சவர்ணம்.

நாலு பென்சில் கட்டை.
ஒவ்வொரு மின்னலுக்குப் பிறகும்
பெட்டிக்குள் ஒரு கொசு பாடத் தொடங்கும்,
சுருதி ஏறி ஏறிக்
காதுக்கு எட்டாத இடத்தில் போய் நிற்கும்.
அப்புறம்தான் ஆரஞ்சு விளக்கு.
புதுக் கட்டைக்கு எட்டு விநாடி,
இருபது படம் தாண்டினால் பதினைந்து.
கெட்டிமேளத்துக்கு இதெல்லாம் தெரியாது.

"அத்தைமார எடுக்கலையா?"
பிறகு, பிறகு.
"சீர்த்தட்டு?"
பிறகுங்க.
என் கண் ஆரஞ்சைவிட்டு நகரவில்லை.

அட்சதைத் தட்டோடு ஒருத்தர்
என்னை இடித்துக்கொண்டு போனார்.
தேய்ந்த வட்டு.
ஒரே ஒரு கிளிக் நகர்ந்தது.
நாயனத்தில் எனக்குக் கேட்கவில்லை.

டவுன்ஹால் ரோடு லேபில்
ஜெபராஜ் பிலிமை விளக்குப் பலகையில் விரித்து
ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கப் போய்விட்டான்.

கேமராவுக்குள் இரண்டு கறுப்புத் துணி.
முன்னது ஓடும், பின்னது துரத்தும்.
அறுபதில்
முன்னது கரை சேர்ந்த பிறகே பின்னது கிளம்பும்.
நடுவில் ஒரு நொடித்துணுக்கு, ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும்.
மின்னல் வர அது போதும்.
ஒரு படி ஏற்றினால் பின்னதுக்குப் பொறுமை கிடையாது,
பாதி ஜன்னலை மூடிக்கொண்டே வரும்.
மின்னல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை,
திறந்த பாதியில் விழுந்தது.

அங்கே இருந்தது பெண்.

பெரிய மாமன் ஒச்சப்பன்
படத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தார்.
"மாப்பிள்ள எங்கய்யா?"
எல்லாத்திலயும் இப்படித்தானா?
தாலி கட்டும்போது எடுத்த ஏழிலும், ஐயா.
"முழு மாப்பிள்ளைக்குத்தானய்யா அட்வான்ஸ் குடுத்தோம்?"
பந்தலில் மிச்சமிருந்தவர்கள் சிரித்தார்கள்.
நான் சிரிக்கக்கூடாது.

மாப்பிள்ளை தவசி எட்டிப் பார்த்து
"கை என்னோடதுதான், வாட்ச் இருக்கு" என்றார்,
யாரோ அதைச் சந்தேகப்பட்டது போல.

இருட்டிலிருந்து மணிக்கட்டு வரை
இரண்டு கை.
விரல்களில் மஞ்சள் கயிறு.
எதிரே,
ஒவ்வொரு இமைமுடியும் எண்ணும்படி, அவள்.

பஞ்சவர்ணம் வாங்கிப் பார்த்தாள்.
நிறைய நேரம் பார்த்தாள்.
"அந்நேரம் நானும் இவரப் பாக்கல மாமா.
கண்ணுல பளிச்சுன்னு அடிச்சுச்சு.
ரெண்டு கை வந்துச்சு, அம்புட்டுத்தான் தெரிஞ்சுச்சு.
இவரு சரியாத்தான் எடுத்திருக்காரு."

பாதிப் பணம்தான் தந்தார் ஒச்சப்பன்.
குறை சொல்ல முடியாது.

திரும்பும் பஸ்ஸில்
வட்டு நகராதபடி அறுபதில்
ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினேன்.
பிறகு சும்மா
நெகடிவை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
அவள் மல்லிகை கன்னங்கரேலென்று இருந்தது.
அவர் பக்கம் ஒன்றுமே இல்லை,
வெறும் செம்மஞ்சள் கண்ணாடி.
அதன் வழியே
மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்துக்குத்
தென்னைகள் ஒவ்வொன்றாக வந்து
அவளருகில் நின்று
போய்க்கொண்டிருந்தன.